நாலு ஏக்கர் மானாவாரிக்குப் பருவமழை முன்னறிவிப்பு எதற்கு?

ஒருவர் கேட்ட கேள்வி இது. தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கம் நாலு ஏக்கர் கரிசல், முழுக்க மானாவாரி. வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் "வடகிழக்குப் பருவமழை இயல்பாக இருக்கும்" அல்லது "இயல்பைவிடக் குறையும்" என்று செய்தி வருகிறது. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "நம்ம காட்டுல பெய்யணுமே" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல நாலு ஏக்கரிலும் மக்காச்சோளம் போடுகிறார். இந்த முன்னறிவிப்பால் சின்ன விவசாயிக்கு உண்மையிலேயே பயன் உண்டா, உண்டென்றால் எப்படிப் பயன்படுத்துவது?

பயன் உண்டு. ஆனால் அதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐப்பசி பத்தாம் தேதி நம் காட்டில் மழை பெய்யுமா என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. இந்த வருஷம் எவ்வளவு பணத்தை மண்ணில் இறக்கலாம், எந்தப் பயிரில் இறக்கலாம், எவ்வளவைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். மானாவாரிக்காரருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரியது.

ஏன் என்பதற்குச் செலவு எந்த வரிசையில் நடக்கிறது என்று பாருங்கள். கோடை மழைக்கு ஓர் உழவு. ஆடி, ஆவணியில் மறு உழவு, டிராக்டர் வாடகை மணிக்கணக்கில் ஏறும். ஆவணிக் கடைசியில் மக்காச்சோள விதைப் பை, உர மூட்டை. அதற்குக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன், கிடைக்காவிட்டால் நகை அடகுக்குப் போகும். புரட்டாசியில் புழுதியிலேயே விதைப்பு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் நல்ல மழையே வரும். கிணறு உள்ளவர் வானத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யலாம். மானாவாரிக்காரர் பாதிக்கு மேல் செலவை மழைக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார். அந்த நேரத்தில் நாளைய வானிலையும் வேலைக்கு ஆகாது, அடுத்த வார வானிலையும் ஆகாது. மூன்று மாதத்தைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடிய ஒரே தகவல் பருவ முன்னறிவிப்புதான்.

சரி, மூன்று மாதத்தை எப்படி முன்கூட்டிச் சொல்கிறார்கள்? பத்து நாளுக்கு மேல் தினசரி வானிலையை நம்பகமாகச் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. ஒரு தடவை உருவாகிவிட்டால் இவை பல மாதம் நீடிக்கும். இந்தியப் பெருங்கடலிலும் மேற்கே சூடு, கிழக்கே குளிர் என்றும், சில வருஷம் அதற்கு நேர்மாறாகவும் ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. இந்தக் கடல் நிலைகள் மழைக்காற்றின் போக்கை ஒரு பக்கமாகச் சாய்க்கின்றன. அந்தச் சாய்வைத்தான் கணித்துச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டு மானாவாரிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பசிபிக் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வது கடினம். அதனால்தான் தென்மேற்குப் பருவமழைக்கு ஏப்ரல் நடுவில் சொல்லும் கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை மே கடைசியில் திருத்திச் சொல்கிறது. செப்டம்பர் வரும்போது பெரும்பாலும் பசிபிக் தன் நிலையை எடுத்து முடித்திருக்கும். நம் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பதால், கடல் நிலை தெரிந்த பிறகு முடிவெடுக்கிற வாய்ப்பு நமக்கு இருக்கிறது. மகாராஷ்டிராவின் விதர்பாவிலோ தெலங்கானாவிலோ ஜூனில் விதைக்கிறவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையமும் இரு பருவங்களுக்கும் முன்னறிவிப்பு தருகிறது. பசிபிக்கின் டஹிட்டித் தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் உள்ள காற்றழுத்த வித்தியாசம், கடல் மேற்பரப்பு வெப்பம் இரண்டையும் எடுத்து, 'ரெயின்மேன்' என்ற ஆஸ்திரேலிய மென்பொருளில் பழைய வருஷங்களின் மழைக் கணக்கோடு ஒப்பிட்டு, மாவட்ட வாரியாக இத்தனை மில்லிமீட்டர் எதிர்பார்க்கலாம் என்று சொல்வார்கள். தமிழ் நாளிதழ்களில் அந்தப் பட்டியல் வரும். அப்பாவுக்கு எட்ட வேண்டியது அந்த மாவட்ட வரிதான். தொலைக்காட்சியில் தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிற ஒற்றை வாக்கியத்தை வைத்து விளாத்திகுளத்தில் எதையும் முடிவு செய்ய முடியாது.

பொதுவாக எல் நினோ வருஷத்தில் நாட்டின் தென்மேற்கு மழை இளைக்கும், நமக்கு வடகிழக்கு மழை தேறும். லா நினாவில் இது தலைகீழாகும். 2015 பெரிய எல் நினோ வருஷம். அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் இயல்பான 44 செ.மீ. மழைக்குப் பதில் அதைவிட 53 சதவீதம் கூடுதலாகப் பெய்தது, சென்னை மூழ்கியது. அடுத்த வருஷமே எல் நினோ மறைந்து, பசிபிக் குளிர்ந்து, இந்தியப் பெருங்கடலும் மேற்கே குளிர், கிழக்கே சூடு என்று சாய்ந்தது. 2016-இல் பெய்தது சுமார் 17 செ.மீ. மட்டும், 62 சதவீதக் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அடுத்தடுத்த இரண்டு வருஷம், அதே காடு, அதே விவசாயி, அதே விதைப்பு. கடல் மட்டும் மாறியிருந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் தவறாகிவிடும். 2021 லா நினா வருஷம். கணக்குப்படி மழை குறைந்திருக்க வேண்டும், பெய்ததோ இயல்பைவிட 59 சதவீதம் கூடுதல். நம் பருவமழை வங்கக்கடலில் உருவாகும் சில காற்றழுத்தத் தாழ்வுகளை நம்பி இருப்பதுதான் காரணம். அவற்றில் இரண்டு கூடுதலாக வந்தால் அல்லது இரண்டு ஆந்திரா பக்கம் ஒதுங்கினால் பருவத்தின் கணக்கே மாறிவிடும். அந்தத் தாழ்வு எங்கே போகும் என்று செப்டம்பரில் யாருக்கும் தெரியாது. ஆகவே பருவ முன்னறிவிப்பு எப்போதும் வாய்ப்புக் கணக்காகத்தான் வரும், வரவும் வேண்டும். "இந்த வருஷம் கட்டாயம் மழை பொய்க்கும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

வாய்ப்புக் கணக்கை எப்படிப் படிப்பது? பல வருஷ மழையை அளவு வாரியாக அடுக்கி மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள்: குறைந்த மழை, நடுத்தரம், கூடுதல் மழை. எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். முன்னறிவிப்பு 33, 34, 33 என்று வந்தால் அது ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம், அந்த வருஷம் பழைய அனுபவத்தின்படியே நடக்கலாம். குறைந்த மழைக்கு 50, நடுத்தரத்துக்கு 30, கூடுதலுக்கு 20 என்று வந்தால் சாய்வு பலமாக இருக்கிறது. அப்படியும் குறைந்த மழை வராமல் போக இன்னொரு 50 இருக்கிறது. இப்படி வந்த வருஷங்களில் பாதியில் மழை தேறத்தான் செய்யும். "போன தடவை சொன்னது நடக்கவில்லை, அதனால் எல்லாம் பொய்" என்பது சரியான கணக்கல்ல. பத்துப் பதினைந்து வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் முன்னறிவிப்பு தேறுமா தேறாதா என்று தெரியும்.

இன்னொரு சிக்கல், செய்தியில் வரும் 'இயல்பு'. பருவம் முடிந்தபின் இயல்பு மழை என்று வானிலைத் துறை எழுதினால், சராசரியிலிருந்து 19 சதவீதம் குறைவு முதல் 19 சதவீதம் கூடுதல் வரை எதுவாகவும் இருக்கலாம். 44 செ.மீ. சராசரிக்கு 36-உம் இயல்புதான், 52-உம் இயல்புதான். கரிசலில் 36 செ.மீ. ஒழுங்காகப் பரவிப் பெய்தால் உளுந்து விளையும், கம்பு விளையும், மக்காச்சோளம் கதிர் வாங்கும் நேரத்தில் தவிக்கும். பருவத்துக்கு முன்னால் தருகிற கணிப்பிலோ தென்னிந்தியாவின் ஐந்து வானிலைப் பிரிவுகளையும் சேர்த்து 88 முதல் 112 சதவீதம் வரை இயல்பு என்பார்கள். அதாவது நெல்லூருக்கும் விளாத்திகுளத்துக்கும் ஒரே வாக்கியம். "நம்ம காட்டுல பெய்யணுமே" என்று அப்பா சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது.

மொத்த அளவும் ஏமாற்றும். 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஒரு பருவம் முழுவதும் தமிழ்நாடு சராசரியாகப் பெறுவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், ஒரே நாளில். பருவக் கணக்கில் அது 'மிகுதி'. காட்டில் நின்ற பயிருக்கு அது அழிவு. இந்த மாதிரி மழையைப் பருவ முன்னறிவிப்பு சொல்லாது, சொல்லும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

இத்தனை குறை இருக்கிற தகவலை வைத்து என்ன செய்வது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர்ச் செலவையும் விலையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் மக்காச்சோளம், மழை தேறினால் 20,000 ரூபாய் மிச்சம், பொய்த்தால் 15,000 நட்டம். விதை, உரம், படைப்புழுவுக்கு மருந்து என்று செலவு அதிகம் என்பதால் அடியும் பெரிது. ஓர் ஏக்கர் குதிரைவாலி, மழை தேறினால் 8,000 மிச்சம், பொய்த்தால் 2,000 நட்டம். விதைச் செலவு கொஞ்சம்தான், உரம் பேருக்கு.

மூன்று வருஷத்துக்கு ஒரு வருஷம் மழை பொய்க்கும் என்று வைத்தால், நீண்ட காலச் சராசரியில் மக்காச்சோளம் ஏக்கருக்கு வருஷம் சுமார் 8,300 தரும், குதிரைவாலி சுமார் 4,700 தரும். அப்பா மக்காச்சோளத்தை விடாமல் இருப்பதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. பல வருஷ அனுபவத்தில் அவர் மனசுக்குள் இந்தக் கணக்கு ஓடுகிறது, அந்தக் கணக்கு சரி. இப்போது குறைந்த மழைக்கு 50 சதவீத வாய்ப்பு என்று முன்னறிவிப்பு வருகிறது. மக்காச்சோளத்தின் சராசரி 2,500-க்கு இறங்கிவிடும், குதிரைவாலி 3,000-இல் நிற்கும். 60 சதவீதமானால் மக்காச்சோளம் நட்டத்துக்கே போகும், குதிரைவாலி அப்போதும் 2,000 தரும். இந்த எண்களில் முடிவு மாறுகிற இடம் 48 சதவீதம்.

சின்ன விவசாயிக்கு அதற்கும் முன்னாலேயே முடிவு மாற வேண்டும். நாலு ஏக்கரும் மக்காச்சோளமாக இருந்து மழை பொய்த்தால் 60,000 ரூபாய் கடன். அது அடுத்த வருஷ விதைப்பையும் சேர்த்து முடக்கும், நகை மூழ்கும், மாடு சந்தைக்குப் போகும். 60,000 லாபம் தருகிற நன்மையும் 60,000 நட்டம் செய்கிற கெடுதலும் அந்த வீட்டில் ஒரே எடை கிடையாது. அதனால் குறைந்த மழை வாய்ப்பு 40, 45 என்று வரும்போதே இரண்டு ஏக்கரை மக்காச்சோளத்திலிருந்து எடுத்துக் கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசி என்று பிரிக்கச் சொல்வேன். குதிரைவாலி, கம்பு மூன்று மாதத்துக்குள் அறுவடை, உளுந்து எழுபது நாளில். கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பார்கள். மழை முடிவதற்குள் பூத்துக் காய்த்துவிடுகிற பயிருக்குப் பொய்க்கிற வருஷத்திலும் பிழைப்பு உண்டு.

கூடுதல் மழை என்று வருகிற வருஷத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பயந்து பயந்து செலவைக் குறைத்தே பழகிய விவசாயி நல்ல வருஷத்திலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பத்து வருஷத்தில் இரண்டு மூன்று நல்ல வருஷத்தை முழுசாகப் பிடித்தால்தான் மீதி வருஷத்துக் கடன் அடையும். கூடுதல் மழைக்குச் சாய்வு இருக்கும்போது மக்காச்சோளம், பருத்தி இவற்றின் பரப்பைக் கூட்டலாம், மேலுரத்துக்குப் பணத்தை ஒதுக்கி வைக்கலாம், தரிசாகப் போட்ட அரை ஏக்கரையும் சேர்த்து உழலாம். கூடவே வடிகாலையும் வெட்டி வைக்க வேண்டும், கரிசலில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் உளுந்து மஞ்சளித்துப் போகும்.

விவசாயிகள் நிஜமாகவே இப்படி மாற்றிக்கொள்கிறார்களா என்றால், ஆதாரம் இருக்கிறது. தெலங்கானாவில் 250 கிராமங்களில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பருவமழை எப்போது தொடங்கும் என்ற முன்னறிவிப்பை ஒரு மாதத்துக்கும் மேல் முன்னதாகச் சில கிராமங்களுக்குக் கொடுத்து, மற்ற கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். தாங்கள் நினைத்திருந்ததைவிட மழை தாமதமாகும் என்று தெரிந்தவர்கள் சாகுபடிப் பரப்பை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்து, வேறு தொழில் பக்கம் திரும்பினார்கள். நல்ல செய்தி கிடைத்தவர்கள் இடுபொருள் செலவைக் கூட்டினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, ஒவ்வொருவரும் தன் பழைய எண்ணத்தோடு ஒப்பிட்டு மாறினார்கள் என்பது. ஏற்கெனவே சரியாக நினைத்தவருக்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 2025-இல் மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழைத் தொடக்கம் பற்றிக் கைப்பேசியில் செய்தி அனுப்பியது. அந்த வேலை தென்மேற்குப் பருவத்தைச் சேர்ந்தது. வடகிழக்கு மழையை நம்பியிருக்கிற நம் மாவட்டங்களுக்கும் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி கரிசலுக்கே உரிய ஒரு வேலை. பருவத்துக்கு முந்திய விதைப்பு, அதாவது புழுதி விதைப்பு. மழை தொடங்க இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவது. பெய்கிற முதல் மழையிலேயே முளைத்துவிடும், மழை நின்று நிலம் பதத்துக்கு வரும் வரை காத்திருந்து விதைப்பவரைவிட பத்து பதினைந்து நாள் மிச்சம். பருவமே எழுபது எண்பது நாள்தான் என்னும்போது அந்தப் பதினைந்து நாள் பெரிய சொத்து. ஆபத்து என்னவென்றால், புரட்டாசியில் ஒரு பத்து மில்லிமீட்டர் தூறல் போட்டு விதையைக் கிளப்பிவிட்டு, அப்புறம் இரண்டு வாரம் வெயில் காய்ந்தால் முளை அத்தனையும் கருகும், விதைக்காசு போச்சு.

அதற்குத்தான் ஆழம். விதை சுமார் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் சின்னத் தூறல் அதுவரை இறங்காது, 20 முதல் 25 மி.மீ. உழவு மழை பெய்தால்தான் விதைக்கு ஈரம் தட்டும். அந்த அளவு மழை பெய்திருந்தால் மண்ணில் சில நாள் தாங்கவும் செய்யும். சோள விதையைக் கடினப்படுத்திப் போடுவதும் வழக்கம். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்திவிட்டால் இடையில் வருகிற வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். டிராக்டர் விதைப்பில் ஆழம் தப்புவது அதிகம். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது, கூடவே நடந்து நாலைந்து இடத்தில் மண்ணை விலக்கி விரலால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பருவ முன்னறிவிப்பு இந்த இடத்தில் எப்படி உதவும்? சாய்வு மழை குறைவுப் பக்கம் இருந்தால் எல்லாக் காட்டையும் ஒரே நாளில் புழுதியில் விதைக்க வேண்டாம். பாதியை விதைத்துவிட்டு, மீதிக்கு விதையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கடுத்த நிலை முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். வானிலைத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரத்துக்கு ஒரு பொதுப்போக்கைத் தருகிறது. செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியான வேளாண் வானிலை அறிக்கை வருகிறது, ஐந்து நாள் மழைக் கணிப்போடு. மேக்தூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எவ்வளவு கடன் என்பதைப் பருவக் கணிப்பு தீர்மானிக்கட்டும். எந்த வாரம் விதைப்பது என்பதை வியாழக்கிழமைக் கணிப்பும், எந்த நாள் களை எடுப்பது, மேலுரம் போடுவது, மருந்தடிப்பது என்பதை ஐந்து நாள் கணிப்பும் தீர்மானிக்கட்டும். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கும்போதுதான் "எல்லாம் பொய்" என்ற முடிவுக்கு வருகிறோம்.

டெல்டாவில் கதை வேறு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கர்நாடகத்தில் பெய்கிற தென்மேற்கு மழை மேட்டூரை நிரப்புவது ஒரு கேள்வி, சம்பா காலத்தில் தலைக்கு மேல் பெய்கிற வடகிழக்கு மழை இன்னொரு கேள்வி. முதலாவது குறையும் என்றால் குறுவைப் பரப்பையும், 150 நாளைத் தாண்டுகிற நீண்ட கால சம்பா ரகத்தையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது கூடும் என்றால் தாழ்ந்த வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 மாதிரி வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் மீள்கிற ரகம் நல்லது.

முன்னறிவிப்பு நன்றாக இருந்தும் பயன்படாமல் போகிற இடங்கள்தான் என்னை அதிகம் வருத்தப்படுத்துவன. முதலில், நேரம். வடகிழக்குப் பருவத்துக்கான அதிகாரபூர்வக் கணிப்பு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் நாளிலோ வருகிறது. கரிசலில் அதற்குள் விதைப் பை வாங்கியாகிவிட்டது, பல காட்டில் விதைத்தே ஆகிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு முதல் கணிப்பு, துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும், மானாவாரி மாவட்டங்களுக்கு மட்டுமாவது வர வேண்டும். அது வரும் வரை நீங்களே ஒன்று செய்யலாம். பசிபிக்கில் எல் நினோவா, லா நினாவா, இரண்டும் இல்லையா என்பது ஜூலை, ஆகஸ்டிலேயே செய்திகளில் வந்துவிடும். அதை அப்பாவுக்குச் சொல்லுங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது.

அடுத்தது விதை. குதிரைவாலி போடலாம் என்று புரட்டாசியில் முடிவெடுத்து உரக்கடைக்குப் போனால் அங்கே மக்காச்சோளப் பைதான் அடுக்கியிருக்கும். மாற்றுப் பயிரின் விதை கைக்கு எட்டாத ஊரில் எவ்வளவு நல்ல முன்னறிவிப்பும் வெறும் செய்திதான். வீட்டில் பத்து கிலோ கம்பும் குதிரைவாலியும் விதைக்கென்று எடுத்து வைத்திருக்கிற குடும்பத்துக்குத்தான் முடிவை மாற்றுகிற சுதந்திரம் இருக்கிறது. பொதுவாக வீட்டில் விதையைப் பார்த்து எடுத்து வைப்பது பெண்கள். களையெடுப்புக்கு ஆள் சேர்ப்பதும் அவர்கள்தான். வானிலைக் குறுஞ்செய்தி மட்டும் பட்டாதாரர் பெயரில் உள்ள கைப்பேசிக்குப் போகிறது. அம்மாவின் எண்ணையும் பதிந்து வையுங்கள்.

மூன்றாவது, சொல்லிப் புரியவைக்கிற ஆள். 50, 30, 20 என்பதை ஒரு குறுஞ்செய்தியில் புரியவைக்க முடியாது. ஊரில் உட்கார்ந்து, போன வருஷம் என்ன சொன்னோம், என்ன நடந்தது என்று பேசுகிற ஒருவர் வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்களில் இருந்த மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் ஓரளவு இந்த வேலையைச் செய்தன. நாடு முழுவதும் 199 அலகுகளை 2024-இல் மூடினார்கள். கைப்பேசிச் செயலி அந்த இடத்தை நிரப்பும் என்று நான் நம்பவில்லை.

கடைசியாக, கடன் கொடுக்கிறவர்கள். 1997-98 எல் நினோவின்போது தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் வறட்சி வரும் என்று முன்னறிவிப்பு வந்தது. ஜிம்பாப்வேயில் வங்கிகள் உடனே சிறு விவசாயிகளுக்குக் கடனைச் சுருக்கிவிட்டன. விதைப்புப் பரப்பு குறைந்தது. மழையோ ஓரளவு இயல்பாகவே பெய்தது. முன்னறிவிப்பு விவசாயிக்கு உதவுவதற்குப் பதில் விவசாயியிடமிருந்து பணத்தைப் பாதுகாக்க வங்கிக்கு உதவியது. ஆகவே வாய்ப்புக் கணக்கைக் கடன் மறுக்கக் காரணமாக்கக் கூடாது. வறட்சிச் சாய்வு வருஷத்தில் கம்புக்கும் உளுந்துக்கும் தாராளமாகக் கடன் கொடுப்பதுதான் சங்கத்துக்கும் நல்லது, அந்தக் கடன்தான் திரும்பி வரும்.

உங்கள் அப்பாவுக்கு இந்த வருஷத்துக்கான யோசனை இது. ஆவணியிலேயே கடல் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், வேளாண் பல்கலைக்கழகத்தின் தூத்துக்குடி மாவட்டக் கணிப்பு வந்ததும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் மழைக் குறைவுப் பக்கம் சாய்ந்தால் மக்காச்சோளம் இரண்டு ஏக்கருக்கு மேல் வேண்டாம், நகையை அடகு வைத்து விதைப்பது அறவே வேண்டாம். சாய்வே இல்லாவிட்டால் மூன்று ஏக்கர் மக்காச்சோளம், ஒரு ஏக்கர் உளுந்தோ பாசியோ. கூடுதல் பக்கம் சாய்ந்தால் அவர் இஷ்டப்படி நாலும் போடட்டும், வடிகாலோடு. எந்த வருஷமானாலும் விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று, வாங்கிப் பயிர்க் காப்பீட்டைப் பதிவு செய்துவிடுங்கள். ராபி பருவ தானியம், பயறுக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், பருத்தி, மிளகாய்க்கு 5 சதவீதம். கடைசித் தேதி பயிருக்குப் பயிர், வருஷத்துக்கு வருஷம் மாறும், உழவன் செயலியிலோ வட்டார வேளாண் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளலாம். ஐப்பசி நடுவாகியும் உழவு மழை வராவிட்டால் மக்காச்சோளத்தை மறுபடி விதைக்க முயல வேண்டாம். அதற்குப் பிறகு மல்லி, கொண்டைக்கடலை, மாட்டுக்கு நாற்றுச்சோளம், இவை கரிசலில் மிச்ச ஈரத்துக்கும் மார்கழிப் பனிக்கும் தாங்கும். அவற்றின் விதையையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.